ஹில் கவுன்ட்டில நிலம் வாங்கிட்டேன், கவர்மென்ட் பணம் எனக்கா குத்தகைக்காரருக்கா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க டெக்ஸாஸ்ல டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கோம். நான் எச்1பி வேலை விசா, க்ரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகி வருஷக்கணக்கா க்யூல நிக்கிறேன், மனைவி எச்4. எட்டு மாசம் முன்னாடி ஹில் கவுன்ட்டில 64 ஏக்கர் விவசாய நிலம் ரெண்டு பேர் பேர்லயும் வாங்கினோம், 6 லட்சம் டாலர் ஆச்சு. ஏற்கனவே அங்க பயிர் வெச்சிட்டிருந்த உள்ளூர்க்காரரே ஏக்கருக்கு 45 டாலர் குத்தகைக்குத் தொடர்றார். ரியல்டர் விக்கும்போது "இது சப்சிடி லேண்ட், வருஷா வருஷம் கவர்மென்ட் செக் வரும்"னு சொன்னார். இதுவரைக்கும் ஒரு பைசா வரல. இப்ப குத்தகைக்காரர் லீஸ் காப்பிய எஃப்எஸ்ஏ ஆபீஸ்ல (விவசாயத் துறையோட உள்ளூர் ஆபீஸ்) குடுக்கணும்னு கேக்குறார். ஃப்ரெண்ட் ஒருத்தர் அந்த கவுன்ட்டில யார் யாருக்கு எவ்ளோ சப்சிடி போச்சுன்னு ஒரு லிஸ்ட் காமிச்சார், பக்கத்து நிலத்துக்காரர் பேர்ல 4 லட்சம் டாலருக்கு மேல இருக்கு! நிலம் என்னுது, பணம் மட்டும் அவருக்கா? பார்ட்னர் மாதிரி என் பேரையும் சேத்துக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றார். இல்லன்னா பயிர் வெக்காம விடறதுக்கு அரசு வாடகை குடுக்கற சிஆர்பி திட்டத்துல போட்டுட்டு சும்மா இருக்கலாமா? டாக்ஸ் எப்படி?

பதில்:

நீங்க கேட்டதுக்கெல்லாம் வர்றேன், அதுக்கு முன்னாடி நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு, அதுதான் அவசரம். எஃப்எஸ்ஏ-153னு ஒரு ஃபார்ம், அத ஃபைல் பண்ணீங்களா? உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன், அதப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல, அதனால பண்ணலன்னுதான் எடுத்துக்கிறேன்.

1978ல வந்த சட்டம் அது, சுருக்கமா அஃபிடானு சொல்லுவாங்க. சிட்டிசனும் இல்லாம க்ரீன் கார்டும் இல்லாம இருக்கிற ஒருத்தர் அமெரிக்கால விவசாய நிலம் வாங்குனா 90 நாளுக்குள்ள விவசாயத் துறைக்குத் தெரிவிக்கணும். எச்1பில பதினஞ்சு வருஷம் இருந்து, வீடு வாங்கி, புள்ளைங்க இங்கயே பொறந்து, வருஷா வருஷம் ரெசிடென்ட்டா டாக்ஸ் கட்டுனாலும் இந்தச் சட்டத்துக்கு நீங்க ஃபாரின் பெர்சன்தான், ஐ-140 அப்ரூவ் ஆனது இங்க கணக்குல வராது. எல்எல்சி பேர்ல வாங்கியிருந்தாலும் தப்பிச்சிருக்க முடியாது, அதுல ஃபாரின் ஆளுக்கு 10 சதவீதம் பங்கு இருந்தாலே கம்பெனியும் ஃபைல் பண்ணணும். மொத்தமா பத்து ஏக்கருக்குள்ள இருந்து வருஷ வருமானமும் ஆயிரம் டாலருக்குக் கீழன்னா விலக்கு உண்டு, உங்களுக்கு 64 ஏக்கர்.

லேட்டானா என்ன ஆகும்னா, ஒவ்வொரு வாரத்துக்கும் நிலத்தோட மார்க்கெட் மதிப்புல 0.1 சதவீதம் அபராதம் ஏறிக்கிட்டே போகும், உச்சவரம்பு 25 சதவீதம். உங்க நிலம் 6 லட்சம்னா வாரத்துக்கு 600 டாலர். எட்டு மாசத்துல அந்த முதல் 90 நாள கழிச்சுட்டு ஒரு இருபது வாரம்னு வெச்சாலே 12,000 டாலர், அதாவது நீங்க வாங்குற குத்தகையில நாலு வருஷத்துது. இந்த ஃபார்ம எத்தனையோ பேர் ஃபைல் பண்ணாம காலத்த ஓட்டியிருக்காங்கங்கறது உண்மைதான், ஆனா 2025 ஜூலைல விவசாயத் துறை விவசாய நிலப் பாதுகாப்புன்னு ஒரு திட்டத்த அறிவிச்சு இதுல கெடுபிடிய ஏத்தப் போறோம்னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. நல்ல சேதி என்னன்னா அபராதத்த குறைக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, அப்படிக் குறைக்கும்போது எவ்ளோ நாள் தாமதம், விஷயம் எப்படி வெளிய வந்துச்சுங்கறதெல்லாம் பாப்பாங்க. நீங்களா போய் சொல்றதும் அவங்களா கண்டுபிடிக்கறதும் ஒண்ணு இல்ல. அதனால குத்தகைக்காரர் லீஸ் காப்பியோட அந்த ஆபீஸ் படி ஏறுறதுக்கு முன்னாடி நீங்க இந்த ஃபார்மோட போங்க, அதே ஆபீஸ்தான். நாளைக்கு க்ரீன் கார்டு வந்தா அதையும் 90 நாளுக்குள்ள சொல்லணும், மறந்துடாதீங்க.

சரி, இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். நிலம் என்னுது, பணம் அவருக்கானு கேட்டீங்க. ஆமா, அவருக்குத்தான்.

காரணம் இதுதான். ஏஆர்சி, பிஎல்சினு ரெண்டு திட்டம் இருக்கு, பயிர் விவசாயத்துக்கு வர்ற முக்கியமான பணம் அதுலதான் வருது. பிஎல்சி விலை விழுந்தா குடுக்கறது, ஏஆர்சி கவுன்ட்டி முழுக்க சராசரியா ஏக்கருக்கு வருமானம் விழுந்தா குடுக்கறது. ரெண்டுமே நட்டத்துக்கு ஈடு. அப்ப நட்டம் யாருக்குன்னு பாக்கணும்ல? கோதுமை விலை படுத்தாலும் மழை இல்லாம சோளம் கருகுனாலும் உங்களுக்கு ஏக்கருக்கு 45 டாலர் வந்துடும், அடி மொத்தமும் அவருக்கு. அதனால ரொக்கக் குத்தகைன்னா பணம் முழுக்க பயிர் பண்றவருக்கு. வாரத்துக்கு விட்டிருந்தீங்கன்னா, அதாவது விளைச்சல்ல மூணுல ஒண்ணோ நாலுல ஒண்ணோ உங்களுக்குன்னு இருந்தா, அதே பங்குப்படி இந்தப் பணமும் பிரியும். விளைஞ்சாலும் விளையாட்டியும் இத்தனை புஷல் (தானியம் அளக்கற அளவு) குடுத்துடணும்னு எழுதியிருந்தா அதையும் குத்தகையாத்தான் பாப்பாங்க, ஏன்னா அதுலயும் உங்களுக்கு ரிஸ்க் இல்ல.

அவர் லீஸ் காப்பி கேக்கறதுல சந்தேகப்பட ஒண்ணுமில்ல. அந்த நிலம் என் கையில இருக்குன்னு அவர் ஆபீஸ்ல காமிக்கணும், நிலம் கை மாறிட்டதால புது ஓனரோட பேப்பர் வேணும். குடுங்க. தேதி, ஏக்கர், வாடகை எல்லாம் சரியா இருக்கானு மட்டும் பாத்துட்டு குடுங்க.

ரியல்டர் சொன்ன "வருஷா வருஷம் செக்" கதை பழைய காலத்துது. 2002 சட்டத்துல டைரக்ட் பேமென்ட்னு ஒண்ணு இருந்துச்சு, விலை ஏறுனாலும் இறங்குனாலும், பயிர் வெச்சாலும் வெக்காட்டியும், பழைய ரெக்கார்டுல பேஸ் ஏக்கர், அதாவது முன்னாடி வெச்ச பயிர வெச்சு அந்த நிலத்துக்குப் பதிவான ஏக்கர், இருந்தா பணம். இதே டெக்ஸாஸ்ல எல் கேம்போ பக்கம் ஒரு காலத்துல நெல் விளைஞ்ச நிலத்த பிரிச்சு வித்து, வாங்குனவங்க வீடு கட்டி குடியிருந்துட்டு அந்தக் காசையும் வாங்கிட்டிருந்தாங்க, 2006ல வாஷிங்டன் போஸ்ட் அத எழுதுனப்ப நாடே சிரிச்சுது. 2014 சட்டத்துல அத நிறுத்திட்டாங்க. ஆனா நிலம் விக்கிறவங்க வாயில மட்டும் அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

இப்பவும் பேஸ் ஏக்கர்ங்கறது இருக்கு, அது நிலத்தோட ஒட்டிக்கிட்டு ஓனர் மாறுனாலும் கூடவே வரும், அதனால அத தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. எஃப்எஸ்ஏ ஆபீஸ்ல 156ஈஇஸட்னு கேளுங்க, ஓனர்னு காமிச்சா குடுப்பாங்க. அதுல ஃபார்ம் நம்பர், ட்ராக்ட் நம்பர், மொத்தத்துல பயிர் நிலம் எவ்ளோ, கோதுமைக்கு எத்தனை பேஸ் ஏக்கர், மக்காச்சோளத்துக்கு எத்தனை, ஒவ்வொண்ணுக்கும் பிஎல்சி ஈல்டு (ஏக்கருக்கு கணக்குல எடுக்கற விளைச்சல்) எத்தனை புஷல்னு கட்டம் கட்டி இருக்கும். நிலம் வாங்குறதுக்கு முன்னாடி விக்கிறவர்கிட்ட கேட்டு வாங்கியிருக்க வேண்டிய பேப்பர் அது, இப்பவாவது பாருங்க. இந்த பேஸ் இப்ப என்ன பயிர் நிக்குதுங்கறத வெச்சு இல்ல, பழைய வருஷங்கள்ல என்ன வெச்சாங்கங்கறத வெச்சு. இப்ப அவர் நிலம் பூரா பருத்தி போட்டிருந்தாலும் கோதுமை பேஸுக்கு கோதுமைக் கணக்குலதான் வரும்.

எவ்ளோ வரும்னு ஒரு கணக்கு போட்டு காமிக்கிறேன், அப்பதான் இதுக்காக சண்டை போடலாமா வேணாமான்னு தெரியும். உங்க நிலத்துல கோதுமைக்கு 30 பேஸ் ஏக்கர், ஈல்டு 34 புஷல்னு சும்மா வெச்சுக்கலாம். 2025ல வந்த சட்டத்துல கோதுமையோட ரெஃபரன்ஸ் விலைய, அதாவது மார்க்கெட் விலை எதுக்குக் கீழ விழுந்தா பணம் வருமோ அந்த விலைய, புஷலுக்கு 5.50ல இருந்து 6.35 டாலருக்கு ஏத்திட்டாங்க. அந்த வருஷ சராசரி விலை 5.35னா வித்தியாசம் புஷலுக்கு ஒரு டாலர். ஒரு டாலர், 34 புஷல், 30 ஏக்கர், பெருக்குனா 1,020, ஆனா 85 சதவீத ஏக்கருக்குத்தான் குடுப்பாங்க, அப்ப 867. அதுலயும் பட்ஜெட் வெட்டுன்னு 5.7 சதவீதம் புடிப்பாங்க, மிச்சம் ஏறக்குறைய 817 டாலர். இந்த 817க்கும் உடனே செக் வராது, 2025ல அறுத்த பயிருக்கு 2026 அக்டோபருக்கு அப்புறம்தான், அதுவும் விலை விழுந்திருந்தாத்தான், விழலன்னா சுழி. இன்னொண்ணு, ஒரு ஃபார்ம்ல மொத்த பேஸே பத்து ஏக்கரோ அதுக்குக் கீழயோ இருந்தா புதுசா விவசாயத்துக்கு வந்தவங்க மாதிரி சில பிரிவுகளத் தவிர யாருக்கும் பணம் கிடையாது.

அப்ப பக்கத்து நிலத்துக்காரருக்கு எப்படி 4 லட்சம்? அந்த மாதிரி லிஸ்ட்டு பெரும்பாலும் 1995ல இருந்து எல்லாத்தையும் கூட்டிப் போட்டு காமிக்கறது. முப்பது வருஷத்து நிறுத்தப்பட்ட டைரக்ட் பேமென்ட், வறட்சி நிவாரணம், சீனா வர்த்தகச் சண்டைல 2018, 2019ல குடுத்தது, கொரோனா வருஷத்துது எல்லாம் ஒரே தொகையா நிக்கும். வருஷத்துக்கு சராசரி போட்டா 13,000 சொச்சம், அதுவும் அவர் 64 ஏக்கர்ல பண்ணலயே, அங்க இங்க குத்தகைக்கு எடுத்து ஆயிரம் ரெண்டாயிரம் ஏக்கர் ஓட்டுறவரா இருப்பார். டிராக்டர் கடனும் உரச் செலவும் அந்த லிஸ்ட்டுல கிடையாது. இன்னொரு வேடிக்கை, பயிர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துல சராசரியா 60 சதவீதத்துக்கு மேல கவர்மென்ட்டே கட்டுது, நிறைய விவசாயிக்கு அதுதான் பெரிய உதவி, ஆனா யாருக்கு எவ்ளோன்னு பேர் போட்டு வெளியிட சட்டத்துல இடமில்ல. அதனால லிஸ்ட்டுல தெரியறது பாதி, தெரியாதது பாதி, அத வெச்சு பக்கத்து வீட்டுக்காரர எடை போடாதீங்க.

கவுன்ட்டிக்கு கவுன்ட்டி தொகை ஏன் மாறுதுன்னும் சொல்லிடறேன், ஏன்னா அடுத்து நீங்க அதத்தான் கேப்பீங்க. பெரும்பாலானவங்க எடுக்கற கவுன்ட்டி வகை ஏஆர்சில உங்க வயல்ல என்ன விளைஞ்சுதுன்னு பாக்கறதே இல்ல, கவுன்ட்டி சராசரி ஈல்டத்தான் பாப்பாங்க. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஹில் கவுன்ட்டி, அந்தப் பக்கம் நவாரோ கவுன்ட்டி, ஒரே கரிசல் மண்ணு, ஒரே மழை, ஆனா ஒரு பக்கம் பணம் வரும் இன்னொரு பக்கம் ஒண்ணும் வராம போகலாம். உங்க வயல் மட்டும் ஆலங்கட்டில அழிஞ்சு கவுன்ட்டி நல்லா விளைஞ்சிருந்தா ஏஆர்சில கை விரிச்சுடுவாங்க. 2019 வர்த்தகச் சண்டைப் பணம் இன்னும் மோசம், ஏக்கருக்கு 15 டாலர்ல இருந்து 150 டாலர் வரைக்கும் கவுன்ட்டிக்கு ஒரு ரேட்டு. எல்லைக் கோட்டுல நிலம் இருந்தவங்க அந்த வருஷம் பட்ட வயித்தெரிச்சல நான் டாக்ஸ் சீசன் முழுக்க கேட்டேன்.

இப்ப உங்க ஃப்ரெண்டோட ஐடியா. நடக்கறது குத்தகை, பேப்பர்ல மட்டும் பார்ட்னர்னோ வாரம்னோ எழுதி உங்க பேர சேக்கறது. தயவுசெஞ்சு வேணாம். அந்த ஆபீஸ்ல இதுக்கு ஸ்கீம் ஆர் டிவைஸ்னு பேரே வெச்சிருக்காங்க, புடிச்சா குடுத்த பணத்த வட்டியோட திரும்பக் கேப்பாங்க, அவரையும் திட்டத்துல இருந்து தூக்கிடுவாங்க, ஃபெடரல் ஃபார்ம்ல பொய்க் கையெழுத்துங்கறது தனி வழக்கு. க்ரீன் கார்டு க்யூல நிக்கிற ஆள் 817 டாலருக்காக இதுல கை வெக்கலாமா?

நிஜமாவே வாரத்துக்கு மாத்துனா? சிட்டிசனா இருந்தா தாராளமா பண்ணலாம், நில ஓனர் வாரத்துக்கு விட்டா நிலத்த போட்டதே போதும்னு ஏத்துக்குவாங்க, மூணு வருஷ சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்குள்ள இருக்கணும் அவ்ளோதான். ஆனா சிட்டிசனோ க்ரீன் கார்டோ இல்லாதவங்களுக்கு ரூல் வேற. நிலம், முதலீடு, அதோட கணிசமான அளவு சொந்த உழைப்பு, மூணும் குடுத்தாத்தான் பணம். சொந்த உழைப்புன்னா சனிக்கிழம போய் வயல சுத்திப் பாத்துட்டு போட்டோ எடுக்கறது இல்ல. டிராக்டர் ஏறி ஓட்டுனீங்கன்னா எச்1பில இருக்கிற ஆள் வேற வேலை பாக்கலாமாங்கற கேள்வி வந்து நிக்கும், அதுக்கு இமிக்ரேஷன் வக்கீல்தான் பதில் சொல்லணும், நான் இல்ல. வாடகை வாங்குறதோட நிக்கறவரைக்கும் அது முதலீடு, அந்தக் கோட்ட தாண்டாதீங்க. உங்க ஸ்டேட்டஸால குத்தகைக்காரருக்கு வர்றது நிக்காது, அதுல கவலைப்பட வேணாம்.

சிஆர்பிக்கும் இதே ஃபாரின் பெர்சன் ரூல் இருக்கு, அதனால இப்போதைக்கு அதுவும் இல்ல. க்ரீன் கார்டு வந்தப்புறம் யோசிக்கிறீங்கன்னா ஒரு வார்த்த. பத்துல இருந்து பதினஞ்சு வருஷத்துக்கு பயிர் வெக்காம புல்லு போட்டு விடறதுக்கு அரசு வாடகை குடுக்கும், பொதுவான சைன்-அப்ல அது கவுன்ட்டி சராசரி வாடகைல 85 சதவீதத்த வெச்சு, அதுவும் போட்டி போட்டு தேர்வாகணும். நடுவுல நிலத்த விக்கணும் வீடு கட்டணும்னு வெளிய வந்தா வாங்குனதெல்லாம் வட்டியோட திரும்ப. டல்லாஸ்ல இருந்து ஒரு மணி நேரத்துல இருக்கிற நிலத்த பதினஞ்சு வருஷம் கட்டிப் போடறது புத்திசாலித்தனமா எனக்கு தோணல. முக்கியமா, சிஆர்பில போடறதுக்காக இருக்கிற குத்தகைக்காரர வெளியேத்தக் கூடாதுன்னு ரூல் இருக்கு. அதுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு. 1933ல இந்த சப்சிடியே ஆரம்பிச்சப்ப நின்ன பருத்தி சுமார் ஒரு கோடி ஏக்கர உழுது அழிக்கச் சொல்லி பணம் குடுத்தாங்க, தெற்கு மாநிலங்கள்ல நிறைய நிலக்காரங்க அந்தப் பணத்த தானே வெச்சுக்கிட்டு வாரத்துக்கு உழைச்ச குடும்பங்கள துரத்திவிட்டாங்க, அதுல பாதிக்கப்பட்டவங்கதான் 1934ல ஆர்கன்சால கறுப்பரும் வெள்ளையரும் சேந்து குத்தகைக்காரர் சங்கம் வெச்சது. நம்ம ஊர்ல பண்ணையாருக்கும் வாரக்காரருக்கும் நடந்தது தெரிஞ்சவங்களுக்கு நான் மேல விளக்கணும்னு இல்ல. இன்னிக்கு உங்களுக்கு எரிச்சலா இருக்கிற இந்த ரூலெல்லாம் அப்படி அடிபட்டு வந்தது.

அப்ப ஓனருக்கு இதுல ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு, வாடகைல இருக்கு. பேஸ் ஏக்கர் நல்லா இருக்கிற நிலத்துக்கு கொஞ்சம் கூடக் குடுத்து எடுக்க ஆள் இருக்கும், அத நேர்மையா பேசி வாங்கலாம். அடுத்த லீஸ் எழுதும்போது 156ஈஇஸட்ட கையில வெச்சுக்கிட்டு, விவசாயத் துறை வெளியிடற கவுன்ட்டி ரொக்க வாடகை சராசரியையும் பாத்துட்டு பேசுங்க. மண்ணப் பாத்துக்கிற ஆளா, வரப்புல களை மண்டாம வெச்சிருக்காரா, தண்ணி வடியற வாய்க்கால தூர் எடுக்கறாரானு பாருங்க, அப்படிப்பட்ட ஆள ரெண்டு டாலருக்காக விட்டுடாதீங்க.

டாக்ஸ் சுலபம். ரொக்கக் குத்தகை ஷெட்யூல் ஈல போகும், வீட்டு வாடகை மாதிரியே, நிலவரியும் கடன் வட்டியும் கழிச்சுக்கலாம். நிலத்துக்கு தேய்மானம் கிடையாது, வேலி, கொட்டகை இருந்தா அதுக்கு மட்டும் உண்டு. என்னைக்காவது வாரத்துக்கு மாத்துனா ஃபார்ம் 4835, கவர்மென்ட் பணம் வந்தா 1099-ஜி வரும், அது ஐஆர்எஸ்ஸுக்கும் போயிடும். இந்த வருஷம் உங்க பேர்ல 1099-ஜி வராது, வந்துச்சுன்னா யாரோ உங்க பேர எங்கயோ எழுதியிருக்காங்கன்னு அர்த்தம், உடனே எனக்கு எழுதுங்க.

கடைசியா, எல்லாரும் சப்சிடியோட போட்டுக் குழப்பிக்கிற விஷயம், டெக்ஸாஸ்ல விவசாய நிலத்துக்கு நிலவரியக் குறைக்கற, ஏக் எக்ஸம்ப்ஷன்னு சொல்றது. உங்களுக்கு நிஜமா காசு மிச்சம் ஆகறது அதுலதான், பிஎல்சி பணமெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அது ஃபெடரல் இல்ல, நிலத்துக்கு வரி மதிப்பு போடற கவுன்ட்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல. பழைய ஓனருக்கு இருந்துச்சுன்னு தானா தொடராது, ஓனர் மாறுனா மே 1க்கு முன்னாடி புதுசா அப்ளை பண்ணணும், குத்தகைக்காரர் பயிர் வெக்கறதே விவசாயப் பயன்பாட்டுக்கு சாட்சி. ஆனா மாநிலச் சட்டத்துல ஒரு வரி இருக்கு, அஃபிடால பதிவு பண்ண வேண்டிய நான்ரெசிடென்ட் ஏலியனோட நிலத்துக்கு இது கிடையாதுன்னு. நீங்க டாக்ஸுக்கு ரெசிடென்ட்டா இருக்கிறதால அந்த வரி உங்கள தொடுதாங்கறத அப்ளிகேஷன்ல டிக் அடிக்கறதுக்கு முன்னாடி நிலவரி பாக்கற வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கிக்கங்க. நிலத்த வாங்குன க்ளோசிங் பேப்பர், லீஸ், ரெண்டு பேரோட ஐ-797 (விசா அப்ரூவல் நோட்டீஸ்) எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு அவர்கிட்டயும் எஃப்எஸ்ஏவுக்கும் எடுத்துட்டு போங்க. எஃப்எஸ்ஏ-153 மொதல்ல.